முப்பத்தெட்டு அமாவாசை

சொல்லிப்போட வேண்டியதுதான். இன்றைக்கு விட்டால் பிறகு எப்போது சொல்வது, வெள்ளிக்கிழமை அந்த வக்கீல் பொண்ணு கோர்ட்டில் வெறுங்கையோடு நிற்கும்போதா? துளசிமணி ஜெயில் மதிலை ஒட்டின தகரக் கொட்டகையில் ஐம்பது அறுபது பேர் நடுவே உட்கார்ந்து, நாற்பத்தொன்று என்று எழுதின சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள். உள்ளே இருக்கிறவர்களைப் பார்க்க வருவதற்கு இங்கே மனுப் பார்ப்பது என்று பெயராம். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வரைக்கும் மனு என்றால் அவளுக்கு வேறு. திங்கட்கிழமை தோறும் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்து வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோவாரே, அந்தக் காகிதம். அதைக் கொடுத்துக் கொடுத்துத்தான் இங்கே வந்து சேர்ந்தது. “மாமா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க.” இப்படித் தொடங்கலாமா? சே, கோவிச்சுக்காதீங்க என்றாலே அந்த மனுசனுக்குப் பாதிக் கோபம் வந்துவிடும். “பாட்டலுக ஒண்ணும் இல்லீங் மாமா.” அப்படிச் சொன்னால் எங்கே போச்சு என்று கேட்பார். கேட்கட்டுமே, கேட்டால் சொல்லத்தானே வந்திருக்கிறாய். வெடியால அஞ்சு மணி பஸ்ஸில் ஏறினதிலிருந்து இதே ரோதனை. பஸ்ஸில் ஒரு மாதிரி சொல்லிப் பார்த்தாள், பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக்கொண்டு இன்னொரு மாதிரி. டீ ஆறிப்போனதுதான் மிச்சம். எந்த வழியாகப் போனாலும் முட்டுகிற இடம் ஒன்றுதான்: அவர் மூன்று வருசமாகச் சேர்த்து வைத்திருந்ததை அவள் ஒரு மத்தியானத்தில் கொட்டிப்போட்டாள்.

“அக்கா, முதத் தடவையா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள். பிலோமினா என்று பேர். சீட்டு வாங்குகிற வரிசையிலேயே சொல்லியிருந்தாள். முப்பது வயசு இருக்கும், பைக் திருட்டில் மாட்டின புருசனை வாரா வாரம் வந்து திட்டிவிட்டுப் போகிறவள். “ரெண்டாந் தடவ கண்ணு. போன தடவ அவரு தலையப் பார்த்ததும் அழுகாச்சி வந்து, ஒண்ணும் பேசாமயே நேரம் முடிஞ்சு போச்சு.” “அழுவறதெல்லாம் பஸ்ஸுல வெச்சுக்கணும்க்கா. உள்ள ரெண்டு கம்பி வலை இருக்குதில்ல, நடுவுல நாலடி சந்து, இந்தப் பக்கம் இருவது பேரு அந்தப் பக்கம் இருவது பேரு. தொண்டை கிழியக் கத்துனாத்தான் கேக்கும். கூச்சப்பட்டா வந்த பஸ்ஸுக்குத் தண்டம். என்ன கேசு?” “குண்டாஸ்.” பிலோமினா உடம்பைத் திருப்பி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “அடேயப்பா! உங்க வீட்டுக்காரரு அவ்ளோ பெரிய ரவுடியா?” “இல்ல கண்ணு. கெணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னாரு.” “அதுக்கா?” “அதுக்குத்தான்.” பிலோமினா, எங்கூட்டு ஆளு ஆறு பைக் எடுத்தான், அவனுக்கே குண்டாஸ் போடலியே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். துளசிமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊதினால் பறக்கிற மனுசன். ஒல்லிக்குச்சி உடம்பு, ரெண்டு இட்லிக்கு மேல் வைத்தால் மூன்றாவதை மாட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிற ஆள். அவரைப் பிடித்துக் குண்டர் என்று எழுதி ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறான் பாருங்கள், அந்தக் கை விளங்குமா? சிரிக்கிற காரியமா இது? ஒரு வருசம் என்றார்கள். ஒரு வருசம் வெளியே விடாமல் வைத்திருக்கலாமாம், கேள்வி கிடையாதாம். வெள்ளிக்கிழமை அந்தக் கிணற்றுத் தண்ணிப் பாட்டில்களைக் கோர்ட்டில் வரிசையாக வைத்தால் போதும், இந்த மனுசன் ரவுடி இல்லை என்று கண்ணிருக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்றாள் வக்கீல் ரெபேக்கா. உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டேன்க்கா, எல்லாம் வீட்டு அட்டாலில இருக்குது, எம் பொண்டாட்டி பத்தரமா வெச்சிருப்பான்னு சொன்னாரு. பத்தரமா வெச்சிருப்பா. போனைக் காதில் வைத்துக்கொண்டு துளசிமணி என்ன சொன்னாள்? தேடிப் பாக்கறேன் கண்ணு என்றாள். அட்டாலிப் பரணில் ஒரு பழைய குத்துவிளக்கும் ஓட்டைச் சருவமும் தவிர ஒன்றும் இல்லை என்று தெரிந்தே தேடிப் பாக்கறேன் என்றாள்.

அமாவாசைக்கு அமாவாசை ஒரு பாட்டில். அது எப்படித் தொடங்கியது என்றால், ஊருக்கு மேற்கே சாயப்பட்டறை வந்து ஒரு வருசம் கழித்துக் கிணற்றுத் தண்ணியில் ஒரு வாடை வந்தது. மோட்டார் ஆயிலாக இருக்கும் என்றாள் இவள். அவர் ஒரு டம்ளரில் பிடித்து வெளிச்சத்துக்கு நேராக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். பட்டறைக்காரன் கழிவை லாரியில் ஏற்றுவதாகக் கணக்குக் காட்டிவிட்டு, வற்றிப்போன பழைய போர்வெல் குழியில் இறக்குகிறான் என்று அவர்தான் கண்டுபிடித்தார். ஆபீசில் போய்ச் சொன்னால், எப்பிருந்து கெட்டது, எவ்வளவு கெட்டது, ஆதாரம் இருக்குதா என்றார்கள். அன்றையிலிருந்துதான். மாதா மாதம் ஒரு நாள், ஒரே நேரம், ஒரே ஆழத்தில் சேந்த வேண்டும். தேதி அவருக்கு மறந்துபோகும். ஆனால் அமாவாசையன்றைக்கு இவள் விரதம், காக்காய்க்குச் சோறு வைக்காமல் பச்சைத்தண்ணி பல்லில் படாது. இவள் இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகிறபோது அவர் கயிற்றை எடுத்துக்கொண்டு கிணற்றுக்குப் போவார். இவள் காக்காயைக் கூப்பிடுகிற சத்தமும் அவர் உருளையில் கயிறு விடுகிற சத்தமும் ஒட்டுக்காகத்தான் கேட்கும். பிளாஸ்டிக்கில் வைத்தால் சாயம் ஒட்டிக்கொள்ளும், கண்ணாடிதான் வேண்டும் என்று சாராயக் கடைக்குப் பின்னால் போய்க் காலிக் குவாட்டர் பாட்டிலாகப் பொறுக்கிக்கொண்டு வருவார். வாழ்நாளில் ஒரு சொட்டு நாக்கில் வைக்காத ஆள். அப்பன் குடித்தே செத்துப்போனான் என்று சாராய வாடை அடித்தால் விசேச வீட்டில் பந்தியை விட்டே எழுந்துபோகிற ஆள். “ஏனுங்ணா, சரக்கு நமக்கு, பாட்டலு உங்களுக்கா?” என்று குடிகாரர்கள் கேலி பேசுவார்கள். பேசட்டும் என்று பையில் போட்டுக்கொண்டு வந்து, சுடுதண்ணியில் அலசி, வெயிலில் கவிழ்த்து வைப்பார். பேனா மை கரைந்துவிடும் என்று பென்சிலால் எழுதின சீட்டு, அதைக் கட்ட இவளிடம் பூ நார் கேட்பார். முதல் பாட்டில் கண்ணாடியாட்டம் இருக்கும். பத்தாவதில் லேசாக மஞ்சள். இருபதுக்கு மேல் டீத்தண்ணி. கடைசியில் பீட்ரூட் அவித்த தண்ணிதான். அந்தச் சமயம் செவலை மாட்டுக்கு வாயெல்லாம் புண், தென்னையில் குரும்பை பிடிக்கவில்லை, குடிக்கிற தண்ணிக்கு டேங்கர் வண்டி வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பொழப்பாகிவிட்டது.

அவரைப் பிடித்துக்கொண்டு போனது பட்டறை கேட்டுக்கு முன்னால். முப்பது பேர் லாரியை மறித்தார்கள், முப்பது பேரில் இவர் பேர்தான் முதல் பேர். அதிகாரியைக் கல்லால் அடித்தார் என்று எழுதினார்கள். வீட்டில் பல்லியை அடிக்க விடாத மனுசன். மறுநாள் மத்தியானம் மளிகைக்கடைச் செல்லாத்தாள் ஓடிவந்தாள். “ஏ துளசி, உங்கூட்டச் சோதனை போட வர்றாங்களாமா. கடையில ரெண்டு போலீசு பேசிக்கிட்டாங்க, சாராயக் கேசும் ஒண்ணு சேத்திட்டா வெளிய வரவே முடியாதுன்னு.” அவ்வளவுதான் சொன்னாள். துளசிமணி அண்ணாந்து அட்டாலியைப் பார்த்தாள். முப்பத்தெட்டு குவாட்டர் பாட்டில். மூடி போட்டு, செகப்பும் மஞ்சளுமாகத் தண்ணி நிரப்பி, வரிசையாக. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்கு அன்றைக்கு ஆதாரமெல்லாம் சாராயமாகத் தெரிந்தது. ஜெயிலுக்குப் போனாரென்றால் ஊருக்காகப் போனார் என்று நாலு பேராவது சொல்வார்கள். சாராயம் காய்ச்சினார் என்று பேப்பரில் போட்டால்? அந்த மனுசன் அதைப் படித்தால்? நாற்காலியைப் போட்டு ஏறினாள். ஒவ்வொன்றாக இறக்கி, குளிக்கிற இடத்துக்குப் பின்னால் சாக்கடைக் குழியில் கவிழ்த்தாள். திறந்ததும் ஒரு வாடை, கண்ணெல்லாம் எரிந்தது. சீட்டுகளை அவிழ்த்து அடுப்பில் போட்டாள். போடுகிறபோது படிக்காமல் போட்டிருக்கலாம், ஆனால் அவள் கண் படித்தது. தை, மாசி, பங்குனி. ‘மழை பெய்ஞ்சும் வாடை போகலை.’ ‘நொரை நிக்கிது.’ ஒரு சீட்டில், ‘துளசிக்குக் காச்சல். காலையில ஆசுபத்திரி போயிட்டு சாயங்காலம் மொண்டது.’ நேரம் மாறிப்போனதற்குக் காரணம் எழுதியிருக்கிறார், நாளைக்கு எவனாவது கேட்டால் சொல்ல வேண்டுமே என்று. அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு துளசிமணி அடுப்புக்கு முன்னால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ தெரியாது. பிறகு அதையும் போட்டாள். பாட்டில்களைப் பழைய இரும்புக்காரனிடம் சாக்கோடு தூக்கிக் கொடுத்துவிட்டு வாசலைக் கூட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு யாரும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. இன்றைய தேதி வரைக்கும் ஒரு போலீசும் சோதனை போட வரவில்லை.

போலீஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று சொன்னால் என்ன? இந்த யோசனை நேற்று துணி காயப்போடும்போது வந்தது, இன்னும் போகவில்லை. எவ்வளவு லேசான பொய். வந்தாங்க மாமா, அட்டாலியில இருந்ததெல்லாம் அள்ளீட்டுப் போயிட்டாங்க. நாச்சிமுத்து நம்புவார். ரெபேக்கா நம்புவாள், நம்பி, போலீஸ் ஆதாரத்தை அழித்தது என்று இன்னொரு மனுப் போடுவாள். ஊரே நம்பும். போலீஸுக்கு இல்லாத கெட்ட பேரா, இதையும் ஒரு ஓரமாக ஒட்டிவிட்டால் என்ன குறைந்துவிடும்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. ஆனால் பிறகு? பிறகு அவர் வீட்டுக்கு வருவார். ஒரு வருசம் கழித்தோ எப்போதோ, வருவார். எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவார். இவள் குழம்பு ஊற்றுவாள். சாகிற வரைக்கும் ஊற்ற வேண்டும், அந்தப் பொய்யைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு. சரி, நிசத்தைச் சொன்னால்? அவர் கத்துகிற ஆள் இல்லை. கத்தினால் தேவலை. கன்றுக்குட்டியை அவரைக் கேட்காமல் இவள் அண்ணனுக்குக் கொடுத்துவிட்டாள் என்று பதினோரு நாள் பேசாமல் இருந்தார், கலியாணமாகி நாலாவது வருசம். சோறு கேட்கமாட்டார், போட்டால் சாப்பிடுவார். விளக்கை அணைக்கவா என்று கேட்டால் அவரே அணைப்பார். பதினோரு நாளில் இவள் பாதியாகிப் போனாள். பன்னிரண்டாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல, ஏ புள்ள, உப்புக் கம்மி என்றார். அந்த உப்புக் கம்மியைக் கேட்டு இவள் அடுக்களையில் போய் நின்று அழுதாள். கன்றுக்குட்டிக்கே பதினோரு நாள். இதற்கு எத்தனை நாள்? வீட்டில் என்றால் பேசாவிட்டாலும் செருமுகிற சத்தம், செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். இங்கே பேசாவிட்டால் என்ன இருக்கிறது? கம்பி வலைக்கு அந்தப் பக்கம் ஒரு முகம், அதுவும் திரும்பிக்கொள்ளும். எனக்குப் பயமாக இருக்குது சாமி என்று துளசிமணி வாய்விட்டே சொல்லிவிட்டாள். பிலோமினா அவள் தொடையில் தட்டிக் கொடுத்தாள்.

முப்பத்தொன்றிலிருந்து ஐம்பது வரை என்று கூப்பிட்டார்கள். எழுந்து ஓடின ஓட்டத்தில் செருப்பு ஒன்று கழன்றது, மாட்டிக்கொண்டு ஓடினாள். சோதனை போடுகிற பெண் போலீஸ் பையைக் கவிழ்த்தாள். ஆரஞ்சு சரி, பிஸ்கட் சரி, சோப்பைப் பிரித்து முகர்ந்து பார்த்தாள், சரி. வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயத்தை மட்டும் தூக்கி ஓரமாக வைத்தாள். “வீட்டுல செஞ்சது உள்ள போகாதுன்னு எத்தனை தடவம்மா சொல்றது?” அவருக்கு உயிராச்சே என்று சொல்ல வந்து, சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டாள். நீங்களாச்சும் சாப்பிடுங்க என்றாள். போலீஸ்காரி ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பையைக் கொடுத்தாள். நீளமான இருட்டு நடை. பினாயில் வாடை. முன்னால் போகிறவளின் கொலுசுச் சத்தம். மாமா ஒண்ணு சொல்றேன். மாமா பாட்டலுக. மாமா நான் ஒரு முட்டாத்தனம். இருபத்துநாலு வருசத்தில் அவர் முன்னால் குரலை உயர்த்திப் பேசியதில்லை, மெதுவாகச் சொன்னாலே கேட்கிற தூரத்தில்தான் எப்போதும் இருந்தார். கத்த வேண்டுமாம். செய்த தப்பைக் கத்திச் சொல்ல வேண்டுமாம், நாற்பது பேர் நடுவில். பிலோமினா அவள் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்தாள். “இங்க நில்லுங்கக்கா, இங்கதான் கொஞ்சம் சத்தம் கம்மி.” கம்மியா? சந்தைக்கடை தோற்றுப்போகும். அந்தப் பக்கக் கதவு திறந்தது, முகம் முகமாக வந்து வலையில் ஒட்டிக்கொண்டது. கடைசிக்கு முன்னால் அவர். இவள் கொடுத்தனுப்பின நீலக் கட்டம் போட்ட லுங்கி. தாடி வெள்ளையாக வளர்ந்து கிடந்தது. ஒவ்வொரு முகமாக இவளைத் தேடிக்கொண்டு வந்தார், கண்டுபிடித்ததும் நின்றார்.

“மாடு எப்படி இருக்குது?”

“நல்லா இருக்குதுங்!”

“டேங்கர் வருதா?”

“வருதுங்! ரெண்டு நாளைக்கு ஒருக்கா!”

“முந்தாநேத்து அமாவாசையாச்சே. தண்ணி மொண்டு வெச்சியா?”

எல்லாம் யோசித்து வந்தவள் இந்தக் கேள்வியை யோசிக்கவில்லை. போலீசு வந்து என்கிற சொல் நாக்கின் நுனியில் தயாராக நின்றது. “மாமா, போலீசு…” என்று வாயெடுத்தாள். அவருக்குக் கேட்கவில்லை. ஒரு கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நாற்பது பேர் கத்துகிற கத்தலில் அவள் ஒருத்தி குரலை மட்டும் பிரித்து எடுக்கிறவராக வலையோடு வலையாகச் சாய்ந்தார். அந்தக் காதில் போய் எப்படிப் பொய்யை ஊற்றுவது?

“நாந்தானுங் மாமா கொட்டிப்போட்டேன்!” அவள் குரலா அது, அவளுக்கே தெரியவில்லை. “முப்பத்தெட்டையும்! சாராயக் கேசு போட்ருவாங்கன்னு பயந்துட்டனுங்! சீட்டெல்லாம் அடுப்புல போட்டுட்டேன்! ஒண்ணுகூட இல்லீங்!”

பக்கத்தில் திட்டிக்கொண்டிருந்த பிலோமினா திட்டுவதை நிறுத்தினாள். நாச்சிமுத்துவின் கை காதிலிருந்து இறங்கியது. கண்ணைத் திறந்தார். வந்துவிட்டது, பதினோரு நாள் வந்துவிட்டது என்று அவள் வலையைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாய் அசைந்தது.

“கேக்கலீங்!”

“கையில பட்டுச்சான்னேன்!”

“என்னதுங்?”

“கொட்டறப்போ அந்தத் தண்ணி உங்கையில பட்டுச்சா? கடேசிப் பத்துப் பாட்டலும் ஆசிட்டாட்டம் புள்ள! தோலு கீலு உரிஞ்சுதா?”

பட்டதா, படாமலா இருக்கும், யார் பார்த்தார்கள் அதையெல்லாம். “வெள்ளிக்கெழமைக்கு என்னங் மாமா பண்றது? ஒரு வருசமுங்!” என்று கத்தினாள், அழுதுகொண்டே கத்தினாள்.

“அது கெடக்குது. கையத் தூக்கிக் காட்டு.”

பையைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்து வலைமேல் வைத்தாள். இரண்டு வலை, நடுவில் நாலடி. அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடது கையைப் பார்த்தார், வலது கையைப் பார்த்தார், விரல் விரலாகப் பார்த்தார். விசில் ஊதினார்கள். பெண் போலீஸ் அவள் தோளைத் தொட்டு, முடிஞ்சுதும்மா, நட என்றாள்.

“திருப்பு,” என்றார்.

திருப்பினாள்.